பார்வையின் எல்லை: வயிற்றுப்போக்கும் அகநோக்கியின் வரலாறும்

நாள்பட்ட வயிற்றுப்போக்கின் காரணத்தைத் தேடிய வரலாறு, கருவிகளின் வெற்றி வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. ஆயினும், பார்வை தன் எல்லையை அறிந்துகொண்ட வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சிறுகுடலின் உட்பரப்பைப் பிணக்கூறு ஆய்வில்தான் பெரும்பாலும் காண முடிந்தது. இறந்த சில மணி நேரத்திலேயே குடலின் சளிப்படலம் தானாகச் சிதையத் தொடங்கும். எனவே கண்ட சிதைவு நோயால் நேர்ந்ததா, மரணத்தால் நேர்ந்ததா எனப் பிரித்தறிவது அரிதாயிற்று. 1956இல் மார்கோட் ஷைனர் வாய்வழிக் குழாயாலும், 1957இல் வில்லியம் கிராஸ்பி விழுங்கத்தக்க உலோகக் குப்பியாலும் உயிருள்ளோரின் சிறுகுடல் திசுவை எடுக்க வழிகண்டனர். அவை நோயிடத்தைக் கண்ணால் காணாமலேயே திசுவைக் கொய்த கருவிகள்.

காணும் வழி ஒளியிழையால் பிறந்தது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் இணைந்து, இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என 1954இல் வெளியிட்டார். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் அகநோக்கியை உருவாக்கினார்.

ஆனால் தெளிவாகக் காண்பதும் காரணத்தை அறிவதும் ஒன்றல்ல. 1976இல் ஸ்வீடனின் லிண்ட்ஸ்ட்ரோம், நீர்த்த வயிற்றுப்போக்குடைய ஒரு பெண்ணின் குடல் திசுவில் தடித்த கொலாஜன் படலத்தை விவரித்தார். இந்நோயில் பெருங்குடல் அகநோக்கிக்குப் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். நுண்ணோக்கியே நோயைக் காட்டும்.

இந்திய அனுபவம் மற்றொரு சிக்கலை முன்வைத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், மாத்தன் ஆகியோர் 1960களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தனர். நலமாயிருந்த தென்னிந்தியரின் குடலுறிஞ்சிகளே மேலைநாட்டு அளவுகோலிலிருந்து வேறுபட்டிருந்தன. ‘இயல்பு’ எது என்பதையே இங்கு புதிதாக வரையறுக்க வேண்டியிருந்தது. மேலும், ஸ்ப்ரூவிலும் சீலியாக் நோயிலும் குடல் மடிப்புகள் தேய்ந்த தோற்றம் காணப்படலாம். முன்னதற்கு டெட்ராசைக்கிளினும் ஃபோலிக் அமிலமும் மருந்து. பின்னதற்கு வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே வழி. படத்தை மட்டும் நம்பினால் சிகிச்சையே திசைமாறும்.

2000இல் கேவ்ரியல் இத்தான் குழுவினர் கம்பியற்ற கேப்சூல் அகநோக்கியை அறிவித்தனர். குழாய் எட்டாத சிறுகுடற் பகுதிகளும் படமாயின. ஆனால் அது திசுவை எடுக்காது. 2004இல் ஜெர்மனியின் கீஸ்லிச் குழுவினர் கான்ஃபோகல் நுண்ணகநோக்கியால் உடலுக்குள்ளேயே உயிரணுக்களைக் கண்டனர். ஐம்பதாண்டுகளாகப் பிரிந்திருந்த கண்ணும் நுண்ணோக்கியும் ஒரே கருவியில் நெருங்கின.

இவ்வரலாற்றின் பாடம் இன்றைய மருத்துவமனைக்கும் உரியது. ‘குடல் இயல்பாக உள்ளது’ என்னும் அறிக்கையோடு விசாரணை முடிந்தால், நோயாளியின் துன்பம் மனக்கவலையின் விளைவாகக் கருதப்பட்டுவிடும். படம், எங்கே தேடவேண்டும் என்பதைச் சுட்டும். காரணத்தை உறுதிசெய்யத் திசு, குருதி, மலம் ஆகியவற்றின் ஆய்வும், நோயாளி வாழும் இடமும் உண்ணும் உணவும் பற்றிய அறிவும் வேண்டும்.