கைடை ரசிச்சுப் படிச்ச கும்பகோணத்துப் பையன்

இந்த எபிசோடுக்குக் காரணம், பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற நேயர்கள்கிட்டயிருந்து திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி. நீட்டுக்கோ ஜேஇஇ-க்கோ தயாராகிட்டு இருக்கும்போது, பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புத்தகத்தைச் சும்மா ஆசைக்காகப் படிக்கலாமா? இல்ல, சீட் கிடைச்ச அப்புறம் பாத்துக்கலாமா?

இதுக்கு வழக்கமா ரெண்டு பதில் கிடைக்கும். வீட்டுல, "முதல்ல காலேஜ்ல சேரு, அப்புறம் எவ்வளவு வேணா படி" என்பாங்க. இன்ஸ்டாகிராம்ல, "படிங்க, வொக்காபுலரி வளரும், ஃபோகஸ் கூடும், மார்க்கும் ஏறும்" என்பாங்க. கவனிச்சீங்கன்னா ரெண்டு பதிலும் மார்க்கைச் சுத்தியேதான் வருது. ரசிச்சுப் படிக்கிறதுக்குக்கூட ஒரு லாபக் கணக்கு காட்டியாகணும்ங்கிற மாதிரி.

அதனால நான் சுமார் 120 வருஷம் பின்னாடி போய்ப் பார்க்கலாம்னு நினைச்சேன். இதே வயசுல, இதே சிக்கல்ல, நம்ம ஊர்லயே ஒரு பையன் மாட்டினார். அவர் பேரு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் கதையில இந்தப் பகுதியை மேதை, மேதைனு சொல்லியே நாம வேகமாத் தாண்டிப் போயிடுறோம்.

ஒரு டியூஷன் வாத்தியாரின் புத்தகம்

கதை இங்கிலாந்துல தொடங்குது. 19-ஆம் நூற்றாண்டுல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல கணக்குக்கு ஒரு பெரிய தேர்வு உண்டு. பேரு டிரைபாஸ். அதுல முதல் ரேங்க் வாங்கினா 'சீனியர் ராங்க்ளர்'. அந்தப் பட்டம் இருந்தா வாழ்க்கை செட்டில்னு சொல்லலாம். அதனால அந்தத் தேர்வைச் சுத்தி ஒரு கோச்சிங் உலகமே வளர்ந்துச்சு. பல்கலைக்கழக வகுப்பைவிட தனியா காசு கொடுத்துப் போற கோச்சுக்குத்தான் மதிப்பு. எட்வர்ட் ரவுத்னு ஒரு கோச் இருந்தார். அவர்கிட்ட படிச்சவங்கள்ல 20 பேருக்கு மேல சீனியர் ராங்க்ளர் ஆனாங்க. கோட்டா, நாமக்கல் எல்லாம் புது விஷயம்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

அந்த உலகத்துல ஓர் ஓரமா இருந்தவர் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார். லண்டன்ல டியூஷன் எடுத்தவர். பெரிய கணித மேதை எல்லாம் இல்ல. தன் மாணவர்களுக்காகச் சேர்த்து வெச்ச குறிப்புகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். சுருக்கமா 'சினாப்ஸிஸ்'னு சொல்வாங்க. முதல் தொகுதி 1880, ரெண்டாவது 1886. இயற்கணிதம், முக்கோணவியல், கால்குலஸ், வடிவியல்னு சுமார் 5,000 முடிவுகள் வரிசை எண்ணோட வரும். நிரூபணம் இருந்தா ரெண்டு வரி இருக்கும், பல இடத்துல அதுவும் இருக்காது. தேர்வுக்கு முன்னாடி ரிவைஸ் பண்றதுக்கான புத்தகம். நம்ம பாஷையில சொன்னா, ஒரு கைடு.

இந்தக் கைடோட ஒரு பிரதி கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர்ந்துச்சு. 1903-இல் அது டவுன் ஹைஸ்கூல் மாணவன் ஒருத்தர் கைக்குப் போச்சு. வயசு 15. பேரு ராமானுஜன்.

அந்தப் பையன் அதை ரிவிஷனுக்குப் பயன்படுத்தல. ஒவ்வொரு வரியையும் ஒரு விடுகதையா எடுத்துக்கிட்டார். "இது ஏன் உண்மை?"னு தானே கண்டுபிடிக்க ஆரம்பிச்சார். நான் சாஃப்ட்வேர் ஆள்ங்கிறதால எனக்கு இப்படித்தான் தோணும்: யாரோ ஒரு பெரிய லைப்ரரியோட ஃபங்ஷன் பேரை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்காங்க, உள்ள கோட் கிடையாது. சராசரி ஆள் பேரை மனப்பாடம் பண்ணுவார். இவர் ஒவ்வொண்ணுக்கும் உள்ள இருக்கிற கோடைத் தானே எழுதிப் பார்த்தார். அப்புறம் பட்டியல்ல இல்லாத ஃபங்ஷனையும் எழுத ஆரம்பிச்சுட்டார்.

காகிதம் விலை அதிகம். அதனால சிலேட்டுல போடுவார், முழங்கையால அழிப்பார், முடிவை மட்டும் நோட்டுல எழுதி வெப்பார். அந்த நோட்டுகளைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

எஃப்.ஏ. என்ற சுவர்

இதுவரைக்கும் கேட்டா ஊக்கமூட்டும் கதை மாதிரி இருக்கும். அடுத்து நடந்தது அப்படி இல்ல.

அப்போ மெட்ரிகுலேஷன் முடிச்சா ரெண்டு வருஷம் எஃப்.ஏ. படிக்கணும். அதைத் தாண்டினாத்தான் பி.ஏ. கிட்டத்தட்ட இன்னைக்கு பிளஸ் ஒன், பிளஸ் டூ இருக்கிற இடம். ராமானுஜன் மெட்ரிகுலேஷனை நல்லபடியா முடிச்சு, உதவித்தொகையோட 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில சேர்ந்தார். கணக்கு தவிர ஆங்கிலம், சம்ஸ்கிருதம், உடலியல், கிரேக்க-ரோமானிய வரலாறு எல்லாம் படிக்கணும். ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா பாஸ் ஆகணும். கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினாலும் உடலியல்ல போனா, மொத்தமும் போச்சு.

அவரால மத்த பாடத்துல மனசு வைக்க முடியல. வகுப்புல வேற பாடம் நடக்கும்போதும் தன் கணக்குலயே இருந்தார். உதவித்தொகை போச்சு. அப்பா ஒரு ஜவுளிக்கடையில குமாஸ்தா. சம்பளம் மாசம் 20 ரூபாய்தான். ஒரு பருவத்துக்கான கல்லூரிக் கட்டணம் அதைவிட அதிகம். அந்த வீட்டுக்கு உதவித்தொகைங்கிறது பெருமை மட்டும் இல்ல, படிப்பைத் தொடர முடியுமாங்கிற கேள்வி.

1905-இல் யார்கிட்டயும் சொல்லாம வீட்டை விட்டு விசாகப்பட்டினம் போயிட்டார். பையனைக் காணோம்னு 'தி இந்து'வுல அறிவிப்பு வந்துச்சு. அப்போ அவருக்கு 17 வயசு. மதிப்பெண் சரிஞ்சு, வீட்டுல முகத்தைக் காட்ட முடியாம வெளியேறின ஒரு 17 வயசுப் பையன். இதைப் படிக்கும்போது 'பழைய காலத்துக் கதை'னு என்னால கடந்து போக முடியல. நீங்க கேட்டுட்டு இருக்கிற இடத்துலயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம்.

திரும்பி வந்து, 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில மறுபடி எஃப்.ஏ. சேர்ந்தார். மறுபடி ஃபெயில். 1907-இல் தனியா எழுதினார். அப்பவும் ஃபெயில். அதுக்கப்புறம் சில வருஷம் டிகிரி இல்ல, வேலை இல்ல, கையில நோட்டு மட்டும்தான்.

இதுல இருந்து என்ன எடுத்துக்கிறது?

"பாத்தியா, கண்டதைப் படிச்சா இப்படித்தான் ஆகும்"னு ஒரு அப்பா சொல்லலாம். "இல்ல, கடைசியில கேம்பிரிட்ஜ் போனாரே"னு ஒரு பையன் சொல்லலாம். ரெண்டு பேர் சொல்றதுலயும் ஓட்டை இருக்கு.

முதல்ல பையன் பக்கம். இதுக்கு டேட்டா ஆளுங்க சர்வைவர்ஷிப் பயாஸ்னு சொல்வாங்க. தப்பிப் பிழைச்சவங்களை மட்டும் எண்ணிட்டு முடிவுக்கு வர்றது. அதே எஃப்.ஏ.ல தோத்து, நோட்டோட காணாமப் போனவங்க எத்தனை பேரோ! அவங்களைப் பத்தி எபிசோடு போட யாரும் இல்ல. ராமானுஜனையும் காப்பாத்தினது படிப்பு மட்டும் இல்ல, மனுஷங்க. 1910-இல் அவர் நோட்டைத் தூக்கிட்டு, திருக்கோவிலூர்ல டெபுடி கலெக்டரா இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கினவர் அவர். அந்தத் தொடர்புகள் வழியா நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் மாசம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912-இல் சென்னைத் துறைமுகத்துல 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில ஹார்டிக்குக் கடிதம். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துச்சு. எஃப்.ஏ.கூட பாஸ் ஆகாத ஒருத்தருக்கு, தன் விதியை வளைச்சுக் கொடுத்த உதவித்தொகை அது.

இப்போ அப்பா பக்கம். ராமானுஜன் 'கண்டதை'ப் படிக்கல. அவர் கையில இருந்தது சுத்தமான தேர்வுப் புத்தகம். கேம்பிரிட்ஜ் பசங்க பயத்தோட புரட்டின அதே பக்கத்தை இவர் ஆசையாப் புரட்டினார். பாடப் புத்தகம், கதைப் புத்தகம்னு நாம போடுற கோடு புத்தகத்துல இல்ல. படிக்கிறவரோட மனநிலையில இருக்கு. அந்தத் தேர்வுமுறைக்கு இதைப் பார்க்கக் கண் இல்ல. எத்தனை பாடத்துல பாஸ்னு மட்டும்தான் அதால எண்ண முடிஞ்சுது.

நாங்க படிச்ச காலத்துல இது அப்படியே தலைகீழ். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழும் ஆங்கிலமும் பாஸ் ஆனாப் போதும். அதனால நான் படிச்ச பள்ளியில பிளஸ் டூ தமிழ் துணைப்பாடக் கதைகளைக் கேள்வி-பதிலாத்தான் படிச்சோம். முழுக் கதையைப் படிச்சவனைப் பார்த்து, "உனக்கு நேரம் எப்படிடா கிடைக்குது?"னு கேப்போம். 1907-இல் எல்லாப் பாடத்தையும் எண்ணினாங்க, எங்க காலத்துல மூணை மட்டும் எண்ணினாங்க. எண்ணிக்கை மாறுச்சு, ஆனா எண்ணுறதுக்கு வெளிய இருக்கிற படிப்பெல்லாம் வீண்ங்கிற நினைப்பு மாறல.

சீர்காழிக்காரர் ஒருத்தர்

இங்க ரெண்டாவதா ஒருத்தர் வர்றார். சீர்காழியில 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவரும் பழைய தஞ்சாவூர் மாவட்டம், அவரும் கணக்குக்காரர். சென்னை மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆரம்பத்துல அந்த வேலை பிடிக்காம, வாத்தியார் வேலைக்கே திரும்பிடலாம்னு பார்த்தார். பயிற்சிக்காக லண்டன் போனவர், அங்க பொது நூலகங்கள் இயங்குற விதத்தைப் பார்த்துட்டு ஆளே மாறித் திரும்பி வந்தார்.

அப்போ நம்ம நூலகங்கள்ல பொதுவா புத்தகம் பூட்டுக்குள்ள இருக்கும். பேரு சொல்லிக் கேட்டாத்தான் எடுத்துத் தருவாங்க. பேரே தெரியாத புத்தகத்தை எப்படிக் கேக்குறது? ரங்கநாதன் அலமாரியைத் திறந்து விட்டார். வாசகர் நடந்துபோய்த் தானே எடுத்துப் பார்க்கலாம். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதுல ரெண்டு நமக்கு முக்கியம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்கணும். அதேபோல ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர் கிடைக்கணும்.

ரெண்டாவது சொன்னதைக் கார் எழுதின கைடோட பொருத்திப் பாருங்க. லண்டன்ல அச்சான ஒரு சாதாரணப் புத்தகம், தனக்கான வாசகரைக் காவிரிக்கரையில கண்டுபிடிச்சுது. நடுவுல இருந்தது ஒரு கல்லூரி நூலகமும், அதுல இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கைக்குப் புத்தகம் போக முடிஞ்ச நிலைமையும். இதே ரங்கநாதன் பின்னாடி, 1967-இல், ராமானுஜனைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார்.

அவரோட பல வருஷ முயற்சியில வந்ததுதான் 1948 சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலைக்கு அப்புறம் இந்தியாவுல வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது. உங்க வீட்டு சொத்து வரியோட நூலக வரியும் சேர்த்து வாங்குறாங்க, பார்த்திருக்கீங்களா? அது இந்தச் சட்டத்தோட தொடர்ச்சி. அதாவது, உங்க ஏரியா கிளை நூலகத்துக்கு உங்க வீட்டுல ஏற்கனவே காசு கட்டியாச்சு.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நான் சனிக்கிழமைகள்ல போறதுண்டு. சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதியில இடம் பிடிக்கவே கஷ்டம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க காலையிலேயே வந்துடுவாங்க. அது நல்ல விஷயம். வீட்டுல அமைதியான ஒரு மேசை இல்லாதவங்களுக்கு அந்த நாற்காலி பெரிய உதவி. ஆனா மேல மாடி மாடியா லட்சக்கணக்குல புத்தகம் இருக்கு. அவங்கள்ல யாராவது டீ பிரேக்ல சும்மா ஒரு மாடி ஏறி, ஒரு அலமாரி முன்னாடி நின்னு பார்ப்பாங்களானு எனக்கு ஒரு ஆசை.

அப்போ என் பதில்?

படிங்க. மார்க் ஏறும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ராமானுஜனுக்கு இறங்கத்தான் செஞ்சுது. ஆனா அவர் அளவுக்கு அது உங்களை முழுசா இழுத்துட்டுப் போகும்னு பயப்பட வேண்டிய அவசியமும் நம்ம பெரும்பாலானவங்களுக்கு இல்ல. தூங்குறதுக்கு முன்னாடி 20 நிமிஷம், பஸ்ல 20 நிமிஷம். அந்த நேரம் ஏற்கனவே ரீல்ஸுக்குப் போயிட்டுதான் இருக்கு. எதைப் படிக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன். பொன்னியின் செல்வனா இருக்கலாம், காமிக்ஸா இருக்கலாம், உங்க பிசிக்ஸ் புத்தகத்துல போர்ஷன்ல இல்லைனு விட்ட அத்தியாயமாக்கூட இருக்கலாம்.

கேட்டுட்டு இருக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒண்ணு. பையனோ பொண்ணோ பாடத்துக்கு வெளிய எதையோ ஆசையாப் படிச்சா, அதைப் பிடுங்குறதுக்கு முன்னாடி என்னனு ஒரு தடவை கேளுங்க. மார்க் குறைஞ்சிருந்தா, அதையும் உக்கார்ந்து பேசுங்க. வீட்டை விட்டுப் போற அளவுக்கு அந்தப் பேச்சு தள்ளிப்போக வேண்டாம்.

அந்த நோட்டுகள்? டாடா ஆராய்ச்சி நிறுவனம் 1957-இல் அவற்றை அப்படியே நகலெடுத்து வெளியிட்டுச்சு. புரூஸ் பெர்ன்ட்ங்கிற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், அதுல இருந்த முடிவுகளுக்கு நிரூபணம் எழுதி ஐந்து தொகுதிகளா வெளியிட்டார். முதல் தொகுதி 1985, கடைசி 1998. ஒரு பையன் கைடுல விட்டுப்போன நிரூபணங்களைத் தேடிக் கண்டுபிடிச்சார். அவர் எழுதாம விட்ட நிரூபணங்களைத் தேட மத்தவங்களுக்கு இவ்வளவு காலம் ஆச்சு.

அடுத்த எபிசோடுல, 1931-இல் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில போன நடமாடும் நூலகத்தைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும், இப்போ என்ன படிச்சிட்டு இருக்கீங்கனு எழுதி அனுப்புங்க. பாடப் புத்தகம்னாலும் பரவாயில்ல, ரசிச்சுப் படிச்சீங்கன்னா போதும்.