நெஞ்சறைச் சத்திரசிகிச்சையும் அதன் பின்னான நாட்களும் - ஒரு வரலாற்று நோக்கு

அரசியல் வரலாறு நெடுங்காலமாக மன்னர்களதும் படைத்தலைவர்களதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. கோட்டையைப் பிடித்தவனின் பெயர் கல்லில் நின்றது. அக்கோட்டைக்கு நீர் சுமந்தவனின் பெயர் எங்கும் நிற்கவில்லை. இக்குறைபாட்டை இன்றைய வரலாற்று மாணவர் நன்கு உணர்வர். ஆயினும் மருத்துவ வரலாற்றுக்குள் நுழையும்போது நம்மில் பலர் பழைய பாதைக்கே திரும்பிவிடுகின்றோம். முதன்முதலில் இதனை வெட்டியவர் யார், முதன்முதலில் அதனை அகற்றியவர் யார் என்னும் வினாக்களுடன் நமது தேடல் நின்றுவிடுகின்றது. வெட்டப்பட்டவர் பின்னர் பிழைத்தாரா, பிழைத்தாராயின் எதனாற் பிழைத்தார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. நெஞ்சறைச் சத்திரசிகிச்சையின் வரலாற்றை இந்நோக்கிற் பார்க்கும்போது, அத்துறையின் மிகப் பெரிய வெற்றிகள் சத்திரசிகிச்சைக் கூடத்தைவிட, அதன் பின்னான நாட்களில், நோயாளர் விடுதியிலேயே அதிகம் ஈட்டப்பட்டன என்பது புலனாகும். அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூடிய அறையின் சிக்கல்

மனித உடலின் ஏனைய பகுதிகளைத் திறப்பதற்கும் நெஞ்சறையைத் திறப்பதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. நுரையீரல் தானாக விரிவதில்லை. பிரிமென்றகடு கீழிறங்க, விலா எலும்புகள் மேலெழ, நெஞ்சறை அகலும்போது அதனுடன் சேர்ந்தே நுரையீரலும் விரிகின்றது. நுரையீரலைப் போர்த்துள்ள சவ்வுக்கும் நெஞ்சறையின் உட்சுவரிலுள்ள சவ்வுக்கும் இடையிலே வளிமண்டல அமுக்கத்திலும் குறைந்த அமுக்கம் நிலவுவதே இதனைச் சாத்தியமாக்குகின்றது. நெஞ்சுச் சுவரிற் பெரியதொரு துவாரம் ஏற்படுமாயின் வெளிவளி உட்புகும், நுரையீரல் சுருங்கிவிடும்.

1904ஆம் ஆண்டில், பிறெஸ்லோ நகரிலே பணியாற்றிய பேர்டினண்ட் சவர்புரூக் என்னும் இளம் ஜேர்மனிய வைத்தியர் இதற்கொரு தீர்வை முன்வைத்தார். நோயாளியின் உடலும் சத்திரசிகிச்சை செய்வோரும் குறைந்த அமுக்கமுடைய அறையொன்றினுள் இருக்க, நோயாளியின் தலை மட்டும் அறைக்கு வெளியே இருக்கும் ஏற்பாடு அது. ஐந்து ஆண்டுகளின் பின், 1909இல், நியூயோர்க்கில் மெல்ற்சர், ஓவர் ஆகிய இருவரும் வாதனாளியினுட் குழாயொன்றைச் செலுத்தி அதன்வழி வளியை ஊட்டும் எளிய முறையை எடுத்துக்காட்டினர். இம்முறை வளர்ந்தபோது சவர்புரூக்கின் அறை தேவையற்றதாயிற்று. நெஞ்சைத் திறக்கும் வழி இவ்வாறு கோட்பாட்டளவிலே கண்டறியப்பட்டுவிட்டது.

ஆனால் நோயாளர் பிழைத்தனரா? 1922இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஹோவார்ட் லிலியென்தால், சீழ்பிடித்த நுரையீரற் பகுதிகளை அகற்றிய 31 சத்திரசிகிச்சைகளின் பெறுபேறுகளை வெளியிட்டார். ஒரு சோணையை மட்டும் அகற்றிய நோயாளரிலேயே நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். கத்தி சென்றடையக்கூடிய இடத்தை நோயாளர் உயிருடன் கடக்க முடியவில்லை. இடையில் நின்ற தடை யாது என்பதை அறிய, நான்கு ஆண்டுகள் பின்னோக்கி அமெரிக்க இராணுவ முகாம்களுக்குச் செல்லவேண்டும்.

லீ முகாம் தந்த பாடம்

முதலாம் உலகப் போரின்போது, 1917-18 குளிர்காலத்தில், ஐக்கிய அமெரிக்காவின் பயிற்சி முகாம்களிலே சின்னமுத்து பரவியது. அதனைத் தொடர்ந்து ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியால் ஏற்படும் நியூமோனியாவும், நுரையீரலைச் சூழ்ந்த இடைவெளியிற் சீழ் நிறையும் நிலையும் தோன்றின. சீழ் கண்டவிடத்து உடனே திறந்து வெளியேற்றுக என்பது சத்திரசிகிச்சையின் பழைய விதி. அவ்விதிப்படியே விலா எலும்பின் ஒரு துண்டை அகற்றி நெஞ்சறையைத் திறந்தனர். இராணுவ வைத்தியசாலைகளில் இந்நோயாளரின் மரணவீதம் சராசரியாக 30.2 ஆக இருந்தது.

இதனை ஆராய அமைக்கப்பட்ட குழுவில் இவார்ட்ஸ் கிரகாம் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் ரிச்சர்ட் பெல் என்பவரும் இடம்பெற்றனர். வேர்ஜீனியா மாநிலத்திலிருந்த லீ முகாம் இக்குழுவின் பணிக்களமாயிற்று. இரு நுரையீரல்களுக்கும் இடையே இதயத்தைத் தாங்கிநிற்கும் நடுப்பகுதி உறுதியான சுவரன்று, இலகுவில் அசையக்கூடிய திரை போன்றது என்பதைக் கிரகாமும் பெல்லும் பரிசோதனைகள் மூலம் காட்டினர். எனவே ஒரு பக்கத்தைத் திறந்தால் அமுக்க மாற்றம் மறுபக்கத்தையும் தாக்கும். சாதாரண நியூமோனியாவின் பின் தோன்றும் சீழ் தடித்தது. அது கட்டுவதற்குள் சவ்வுகள் ஒட்டிக்கொண்டு நடுப்பகுதியை நிலைப்படுத்திவிடும். முகாம்களிற் கண்ட நோயிலோ நீர்த்த திரவம் மிக விரைவாகச் சேர்ந்தது. ஒட்டுதல் ஏற்படுவதற்கு அவகாசம் இருக்கவில்லை. அந்நிலையில் நெஞ்சைத் திறந்த வைத்தியர், நியூமோனியாவால் ஏற்கெனவே மூச்சுத் திணறிய வாலிபனிடம் எஞ்சியிருந்த மூச்சையும் பறித்தனர்.

குழு வழங்கிய பரிந்துரைகள் மூன்று. நோய் உக்கிரமாக உள்ள கட்டத்தில் நெஞ்சறையைத் திறந்துவிடாது திரவத்தை வெளியேற்றல் வேண்டும்; ஊசி மூலம் மீண்டும் மீண்டும் உறிஞ்சி எடுத்துக் காலம் கனியும்வரை காத்திருத்தல் இதற்கு ஒரு வழியாகும். சீழிருந்த வெற்றிடத்தைக் கிருமி நீக்கி விரைவில் மூடச்செய்தல் வேண்டும். நோயாளியின் போசணையைப் பேணுதல் வேண்டும். இப்பரிந்துரைகள் பின்பற்றப்பட்டபின் லீ முகாமின் மரணவீதம் 4.3 ஆகக் குறைந்தது.

இந்த எண்களை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். நோயாளர் பிழைத்தமைக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. பிற்காலத்தைப் பொறுத்தவரை அம்மருந்துகளின் பங்கு மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் லீ முகாமின் வெற்றி 1918இல் நிகழ்ந்தது. பெனிசிலினை அலெக்சாந்தர் பிளெமிங் அவதானித்தது 1928இல். ஸ்ரெப்ரோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். லீ முகாமில் மாறியவை வெட்டும் காலம், வெளியேற்றும் முறை, ஊட்டும் உணவு ஆகியனவே. விரைந்து வெட்டாதிருத்தலும் ஒரு சிகிச்சையாகும் என்பதை அம்முகாம் மெய்ப்பித்தது. சீழை ஒரேயடியாக வெளியேற்றினால் நோயாளி இறப்பான் என்னும் எச்சரிக்கை, ஹிப்போகிரற்றீசின் பெயரால் வழங்கும் பண்டைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலேயே காணப்படுவது இங்கு சிந்தனைக்குரியது.

ஒரு போத்தல் நீர்

திறக்காமல் வெளியேற்றுவது எவ்வாறு? இதற்கான விடை போருக்கு முன்னரே இருந்தது. ஹம்பேர்க் நகர வைத்தியர் கோட்ஹார்ட் பியூலாவ் 1870களிலே ஒரு முறையைக் கையாளத் தொடங்கி, 1891இல் அதனை விரிவாக வெளியிட்டார். நெஞ்சறையினுட் செலுத்தப்பட்ட குழாயின் மறுமுனை, படுக்கைக்குக் கீழே வைக்கப்பட்ட பாத்திரத்திலுள்ள திரவத்தினுள் அமிழ்ந்திருக்கும். நோயாளி இருமும்போதும் மூச்சை வெளிவிடும்போதும் உள்ளேயுள்ள வளியும் திரவமும் குழாய்வழி வெளியேறும். மூச்சை உள்ளிழுக்கும்போது நீர் குழாயிற் சிறிது மேலேறுமேயன்றி வெளிவளி உட்செல்லாது. நீரே கதவாகவும் காவலாகவும் அமைந்தது.

இவ்வெளிய கருவியின் பெறுமதியை நுரையீரல் அகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பொருத்திக் காட்டியவர்களுள் சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஹரோல்ட் புறூண் முக்கியமானவர். சோணையொன்றை அகற்றியபின் எஞ்சிய நுரையீரல் விரைந்து விரிந்து வெற்றிடத்தை நிரப்பவேண்டும். இன்றேல் அவ்விடத்தில் திரவம் தேங்கும், சீழ் கட்டும், வெட்டிக் கட்டப்பட்ட சுவாசக்குழாயின் முனை அவிழும். ஆகவே புறூண் நெஞ்சை மூடும்போதே குழாயொன்றை உள்ளே வைத்து, மூடிய முறையில் உறிஞ்சலுடன் வடியச் செய்தார். 1929இல் அவர் வெளியிட்ட அறிக்கையின்படி, அவரிடம் சிகிச்சை பெற்ற அறுவரில் ஐவர் பிழைத்தனர். லிலியென்தாலின் அறிக்கைக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் ஏழு ஆண்டுகளே.

லீ முகாமிற் பாடம் கற்ற கிரகாம், 1933ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, செயின்ற் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் வைத்தியசாலையில், புற்றுநோயுற்ற இடது நுரையீரல் முழுவதையும் ஒரே கட்டத்தில் அகற்றினார். நோயாளியான ஜேம்ஸ் கில்மோரும் ஒரு வைத்தியரே. நுரையீரல் இருந்த இடம் வெறுமையாக இருப்பின் அங்கு சீழ் சேரும் என்பதை அறிந்த கிரகாம், பல விலா எலும்புகளையும் அகற்றி நெஞ்சுச் சுவரை உட்சாயச் செய்தார். பின்னரும் தொற்று ஏற்பட்டு மேலும் சிகிச்சை தேவைப்பட்டது. ஆயினும் கில்மோர் வீடு திரும்பினார். மூன்று தசாப்தங்கள் வாழ்ந்து 1963இல் அவர் காலமானார். அவரைக் காத்த கிரகாமோ 1957இல் நுரையீரற் புற்றுநோயாலேயே இறந்தார். 1933ஆம் ஆண்டின் சாதனையை நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால் 1918இன் பாடமின்றி 1933இன் துணிவு பிறந்திராது.

மூச்சைக் கற்பித்தவர்கள்

வளியும் சீழும் வெளியேறினாற் போதுமா? நெஞ்சில் வெட்டுக்காயமுள்ளவன் ஆழ்ந்து மூச்செடுக்க அஞ்சுவான். இருமுவதற்கு அதனிலும் அஞ்சுவான். சளி தேங்கிச் சுவாசக்குழாயை அடைக்கும். அடைபட்ட பகுதி சுருங்கும். சுருங்கிய பகுதியில் நியூமோனியா குடிகொள்ளும். சத்திரசிகிச்சையின் பின் நுரையீரல் இவ்வாறு சுருங்குவதை இலண்டன் வைத்தியர் வில்லியம் பாஸ்ரர் 1908 முதல் 1910 வரையான காலத்தில் தெளிவாக எடுத்துரைத்தார்.

இதற்கான பரிகாரம் கத்தியிலும் இல்லை, குழாயிலும் இல்லை. நோயாளியின் சொந்த முயற்சியிலேயே இருந்தது. 1915இல் பிரித்தானியரான கோர்ட்லண்ட் மக்மாகன், போரில் நெஞ்சிற் காயமுற்ற வீரர்களுக்குச் சுவாசப் பயிற்சி அளிப்பது பற்றி எழுதினார். 1934இல் இலண்டன் புறொம்ப்ரன் வைத்தியசாலையில் வினிபிரட் லின்ரன் என்னும் இயன் மருத்துவர் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நோயாளருக்கான பயிற்சிகளை ஒழுங்குபடுத்தினார். கையை நெஞ்சின் ஒரு பகுதியில் வைத்து, அவ்விடத்தை நோக்கி மூச்சைச் செலுத்துமாறு நோயாளிக்குக் கற்பிக்கப்பட்டது. காயத்தைக் கையால் தாங்கிக்கொண்டு இருமவும், சளி வடியும் வகையில் உடலைச் சாய்த்துப் படுக்கவும் பழக்கினர். இவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே கற்பிப்பது சாலச் சிறந்தது எனவும் கண்டனர். வலியின் நடுவே புதிய பாடம் எவருக்கும் ஏறாது.

படுக்கை ஓய்வு பற்றிய கருத்தும் இக்காலத்திலேயே மாறியது. சத்திரசிகிச்சை பெற்றவர் வாரக்கணக்கிற் படுத்திருக்கவேண்டும் என்னும் வழக்கை எதிர்த்தவர்களுள் ஒருவரான அமெரிக்க வைத்தியர் டானியல் லைதோசர், நோயாளரை விரைவில் எழுந்து நடக்கச் செய்வது பற்றி 1946இல் நூலொன்று வெளியிட்டார். நடப்பவரின் நுரையீரல் விரிகின்றது. கால் நாளங்களிற் குருதி உறைந்து நுரையீரலைச் சென்றடைக்கும் ஆபத்தும் குறைகின்றது.

அண்மைக்காலக் கருவிகள் பெரிதும் மாறியுள்ளன. 1990களிலிருந்து சிறு துவாரங்களினூடாகக் கமெராவின் உதவியுடன் நுரையீரலின் பகுதிகள் அகற்றப்படுகின்றன. ஆயினும் நுரையீரற் சத்திரசிகிச்சையின் பின் விரைந்து குணமடைதல் பற்றி ஐரோப்பிய நிபுணர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலை நோக்கின், அதன் சாரம் பழகிய குரலாகவே ஒலிக்கின்றது. போசணையைக் கவனி, வலியைத் தணி, இயன்றவரை ஒரு குழாயுடன் நிறுத்து, உறிஞ்சலை வழக்கமாகப் பயன்படுத்தாதே, விரைவில் எழுப்பி நடக்கச் செய். நூறாண்டுகளுக்கு முன் லீ முகாமில் உணவைப் பற்றிக் கூறப்பட்டது இன்றும் முதல்வரிசையில் நிற்கின்றது. அதேவேளை, ஒரு காலத்தில் முன்னேற்றமாக விளங்கிய உறிஞ்சல் இன்று அளவோடு கையாளப்படவேண்டியதாயிற்று. அறிவு வளர்வது சேர்ப்பதால் மட்டுமன்று, களைவதாலும் ஆகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நெஞ்சறைச் சத்திரசிகிச்சையின் முன்னேற்றம், பின்விளைவுகளை விதியென ஏற்றுக்கொள்ளாது, அவற்றுக்குக் காரணம் உண்டு என நம்பி வினாவியதன் பயனாகும். சத்திரசிகிச்சை வெற்றி, ஆனால் நோயாளி இறந்தார் என்று எழுதி ஏட்டை மூடியிருந்தால் லீ முகாமின் மரணவீதம் இறங்கியிராது. இரண்டாவது, அம்முன்னேற்றம் கூட்டு உழைப்பின் பேறு. போத்தலிலுள்ள நீர் மூச்சுடன் ஏறி இறங்குகின்றதா, குமிழிகள் நின்றுவிட்டனவா, குழாய் மடிந்துள்ளதா என்று நள்ளிரவிற் பார்ப்பவர் தாதி. மூச்சைக் கற்பிப்பவர் இயன் மருத்துவர். வலியைத் தாங்கி இருமுபவர் நோயாளி. இவர்களுட் பெரும்பாலோரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. லின்ரனின் பெயர் எஞ்சியது. லீ முகாமில் ஊசிகளைக் கொதிக்கவைத்து உணவூட்டிய கைகள் எவருடையவை என்பதைப் பிரபல நூல்கள் கூறுவதில்லை.

கலைப்பீட மாணவருக்கு மருத்துவ வரலாற்றில் என்ன வேலை என்று கேட்போர் உளர். காய்ச்சல் அட்டவணையையும், தாதியரின் இரவுக் குறிப்பேட்டையும், விடுதியின் உணவுக் கணக்கையும் வரலாற்று மூலங்களாகக் கொண்டு வாசிப்பது நமது வேலை. கத்தியின் வரலாற்றை மருத்துவர்கள் எழுதிவிட்டனர். படுக்கையருகே விழித்திருந்தோரின் வரலாறு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. அதனை எழுதும் பொறுப்பு நம்மையும் சார்ந்ததாகும்.