உரலும் உலையும்: தேவனூர் நாட்டில் சாமைச் சோற்றின் வரலாறு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலுள்ள பதினான்கு நாடுகளுள் தேவனூர் நாடும் ஒன்று. சோழர் கால ஆவணங்களில் பல ஊர்கள் அடங்கிய ஒரு பிரிவைச் சுட்டிய நாடு என்னும் பெயர், சமவெளியில் பெரும்பாலும் வழக்கிழந்த பின்னரும் இம்மலையில் ஊராட்சிகளின் பெயரோடு ஒட்டி நிற்கிறது. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, கவுண்டர் என்ற பட்டத்தால் தம்மைக் குறித்துக்கொள்ளும் இவர்கள் கேரளத்து மலையாளிகளோடு தொடர்பற்றவர்கள். இம்மக்கள் புதிய இடமொன்றில் சமைக்கக் கற்ற வரலாறு இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் மரபுக்கதைகளில் மட்டுமே தென்படுகிறது. இரண்டாவது, கடந்த சில பத்தாண்டுகளில் எல்லோர் கண்முன்னும் நடந்தது. இரண்டிலும் சமையலின் போக்கை முடிவு செய்தது தானியத்தின் சுவையோ சத்தோ அன்று, அதன் உமியை நீக்க யார் எவ்வளவு நேரம் உழைத்தார்கள் என்பதே என்று கருத இடமுண்டு.

கொல்லியில் அந்நியருக்கு உணவிட்ட செய்தி சங்க இலக்கியத்திலேயே பதிவாகியிருக்கிறது. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலில், காட்டுவழியே வந்த பாணர் கூட்டத்தை ஒரு வேட்டுவன் எதிர்கொண்டு, தான் வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியை வேகவைத்துக் கொடுத்து, மதுவும் பொன்னும் வழங்குகிறான். அவனே கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி என்பது வந்தவர்களுக்குத் தொடக்கத்தில் உறுதியாகத் தெரிவதில்லை. அந்தப் பாடலில் தானிய உணவுக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. இறைச்சியும் தேனும் கிழங்கும் வழிப்போக்கருக்கு உடனே கொடுக்கக் கூடியவை, தானியமோ அப்படியன்று. அறுத்து, அடித்து, உலர்த்தி, சேமித்து, குற்றிய பிறகே அது உலைக்கு வரும், ஆகவே அது ஓரிடத்தில் நிலைத்து வாழ்வோரின் உணவு.

இன்றைய மலையாளிகள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்கின்றனர். லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலும் இம்மரபைக் குறிப்பிடுகின்றன. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூன்று சகோதரர் காஞ்சியை விட்டு வெளியேறி, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பதும், காஞ்சியின் தெய்வமாகிய கரிராமனும் அவர்களோடு வந்தார் என்பதும் கதையின் சாரம். யார் எந்த மலைக்குச் சென்றார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. எனினும் வந்த ஆடவர்கள் தாம் வந்த இடத்துப் பிற குலப் பெண்களை மணந்தனர் என்ற செய்தி அவற்றில் பலமுறை வருகிறது. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நெல்விளையும் நகரத்திலிருந்து வந்தவனுக்கு மலைத் தானியத்தைச் சோறாக்கக் கற்பித்தவள் அந்த மண்ணைச் சேர்ந்த மனைவியும் அவளுடைய உறவுப் பெண்களுமாகத்தான் இருக்க முடியும் என்பதை, மரபைத் தொகுத்த அதிகாரிகள் எவரும் எழுதவில்லை. அவர்கள் குலத்தையும் தெய்வத்தையும் திருமண முறையையும் விரிவாக விசாரித்தார்கள், அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

கொல்லிமலையின் பள்ளத்தாக்குகளில் நீர் தேங்கும் வயல்களில் நெல்லும் விளைந்தது. ஆனால் அது திருவிழாவுக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்தது. சரிவுகளில், கலப்பை ஏறாத இடங்களில் மண்வெட்டியாலும் கொத்தாலும் கிளறி விதைக்கும் கொத்துக்காடுகளில் சாமை, தினை, வரகு, கேழ்வரகு ஆகியவை பயிராயின. இவற்றுள் சாமை அன்றாடச் சோற்றுக்கு முதன்மையானது. கல்லும் சரளையுமான நிலத்திலும், மழை தவறும் ஆண்டிலும் ஓரளவு விளைச்சல் தரும் இத்தானியம், கதிரிலிருந்து பிரிந்த பிறகும் ஒவ்வொரு மணியிலும் பளபளப்பான கடினமான உமியை இறுகப் போர்த்திக்கொண்டிருக்கும். உமியோடு வேகவைத்தால் உண்ண முடியாது. அதை நீக்க, வெயிலில் நன்கு காயவைத்த சாமையை உரலிலிட்டு உலக்கையால் குற்ற வேண்டும். முதற்குற்றில் ஒரு பகுதி உமிதான் உடையும். அதை முறத்தில் புடைத்து நீக்கி, மீதியை மீண்டும் உரலுக்கு அனுப்பி, மறுபடி புடைத்து, கடைசியில் கல்லும் மண்ணும் அரித்து எடுத்தால்தான் சாமையரிசி கிடைக்கும். அதிக விசையோடு குற்றினால் மணி நொறுங்கிக் குருணையாகும், குறைவாகக் குற்றினால் உமி நிற்கும். இந்த அளவைக் கை அறிந்துகொள்வதே சமையலின் முதற்பாடமாக இருந்தது. உலையில் இட்டு வேகவைப்பது இதனோடு ஒப்பிட்டால் எளிய வேலை: சாமையரிசி நெல்லரிசியைவிட விரைவில் வேகும், தண்ணீரின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேழ்வரகின் கதை வேறு. அதன் மணி கதிரடிக்கும்போதே உறையிலிருந்து எளிதாகப் பிரிந்துவிடுவதால், குற்றும் வேலை பெரிதாக இல்லை. திருகையில் அரைத்தால் மாவு, மாவைக் கொதிநீரில் கிளறினால் களி. பிற்காலத்தில் நெல்லரிசி எல்லா அடுப்புகளையும் பிடித்துக்கொண்டபோதும் கேழ்வரகு முற்றிலும் விலகாமல் நின்றதற்கும், சாமையும் தினையும் வேகமாகப் பின்வாங்கியதற்கும் இந்த வேறுபாடே முக்கியக் காரணம் எனலாம்.

உரலடி வேலை தனியாகச் செய்யப்படும் வேலையன்று. இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று, ஒருத்தியின் உலக்கை எழும்போது மற்றவளுடையது விழுமாறு மாறிமாறிக் குற்றுவது தமிழகத்தின் பல பகுதிகளிலும் இருந்த முறை. பழகாதவர் இருவர் சேர்ந்தால் உலக்கைகள் மோதும். புகுந்த வீட்டுக்கு வரும் பெண் அயலாரோடு நட்புக்கொள்ளும் முதல் இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும். விதையும் இவ்வாறே கைமாறியது. விதைக்கத் தானியம் இல்லாதவர் உறவினரிடமோ நண்பரிடமோ வாங்கி, அறுவடையில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை, கருஞ்சாமை என்று ஒரே மலையில் இத்தனை வகைகள் நிலைத்ததற்கு இந்தக் கொடுக்கல்வாங்கல் ஒரு காரணம். விதைக்கும் உணவுக்குமான தானியத்தைத் தொம்பை எனப்படும், மூங்கிலால் பின்னி மண் பூசிய சேமிப்புக் கூட்டில் வைத்தனர்.

சமவெளியார் இம்மலையில் பெருமளவில் குடியேறாமல் நெடுங்காலம் தடுத்தது மலேரியா. 1913இல் மணமுடித்து இம்மலையின் வாழவந்தி நாட்டில் தங்கிய ஆங்கிலேய மறைப்பணியாளர் ஜெஸ்ஸி பிராண்டு, அக்காய்ச்சலின் கொடிய வடிவமொன்றால் 1929இல் அங்கேயே இறந்தார். காய்ச்சல் தணிந்து, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளோடு சாலையும் ஏறிய பிறகு மலையின் விளைபொருள்கள் கீழே இறங்குவது எளிதாயிற்று.

அவற்றுள் சாமையை ஓரங்கட்டியது மரவள்ளிக் கிழங்கு. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு மாவு வருவது நின்றதால், 1943 அளவில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்றோர் தொடங்கிய ஜவ்வரிசி, மாவுத் தொழில் பெருகி, 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு தோன்றும் அளவுக்கு வளர்ந்தது. ஆலைகளின் பசி மலைச்சரிவு வரை எட்டியது. மரவள்ளியை நட்டால் ரொக்கம் கிடைத்தது, குற்றவும் புடைக்கவும் வேண்டியதில்லை. கையில் பணம் இருந்தால் அரிசியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், உண்டு உறைவிடப் பள்ளிகளும் பிள்ளைகளின் நாக்கை அரிசிச் சோற்றுக்குப் பழக்கின. நியாயவிலைக் கடையில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் அரிசி கிடைத்தபோது, உரலுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இதைப் பாரம்பரியத்தின் வீழ்ச்சி என்று மட்டும் புலம்புவோர், காட்டு வேலைக்கு முன்னும் பின்னும் உலக்கை பிடித்த பெண்களின் தோளைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் அரிசியைத் தேர்ந்தது தெளிவான முடிவு.

எனினும் ஒரு தலைமுறை உலக்கையைத் தொடாமல் வளர்ந்ததால், சாமையைச் சமைக்கும் அறிவும் மெல்ல விடுபட்டது. சென்னையில் 1988இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் பணியாற்றத் தொடங்கியபோது, விதைகளைச் சேகரித்து ஊர் விதை வங்கிகளில் வைப்பதோடு நின்றுவிடாமல், உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்க்குழுக்களின் பொறுப்பில் நிறுவியதுதான் அதன் பணிகளிலேயே பயன்மிக்கது. உரலடியில் பல மணி நேரம் பிடித்த வேலையை இயந்திரம் சிறிது நேரத்தில் முடித்துக் கொடுத்தது. அதன் பின்னரே மகளிர் குழுக்களில் சமையல் பயிற்சி பொருள் பெற்றது. சாமை உப்புமா, சாமைப் பொங்கல், கேழ்வரகு மால்ட் என்று பழைய தானியத்துக்குப் புதிய பக்குவங்கள் கற்பிக்கப்பட்டன. அவற்றுட் பல மலைக்கே புதியவை, சமவெளி நகரத்தின் சிற்றுண்டியைப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை. மலையின் பல்லுயிர்ப் பெருக்கத்தைப் பேணும் விவசாயிகளின் கூட்டமைப்பு 2009இல் உருவானபின், குற்றிய சாமையும் கலவை மாவுகளும் பொட்டலங்களாகி நகரக் கடைகளுக்குச் சென்றன. இந்திய அரசு 2018ஐத் தேசியச் சிறுதானிய ஆண்டாகவும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகவும் அறிவித்தது இந்த விற்பனைக்குத் துணைசெய்தது.

பொட்டலத்தில் சாமையரிசியை வாங்கும் நகரத்தவருக்கு இது புதிய தானியம். நெல்லரிசிக்கு ஊற்றும் பழக்கத்தில் தண்ணீரை அளந்து, நேரம் பார்க்காமல் அடுப்பில் விட்டால் சோறு குழைந்துவிடும், ஆகவே செய்முறையை அச்சிட்டுத் தரவேண்டியுள்ளது. உமி நீக்கிய சாமைக்கு வேறொரு குறையும் உண்டு: தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை எடுப்பதால் நாள்பட வைத்திருக்க முடியாது, உமியோடு உள்ள மணியோ பல ஆண்டுகள் கெடாது. இதனால்தான் சாமையை உமியோடு சேமித்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் உமி நீக்கும் பழைய முறைக்கு இயந்திரத்தின் வருகைக்குப் பிறகும் தேவை இருக்கிறது.