அமெரிக்கச் சமையலின் இணைய ஆவணங்கள்

ஐக்கிய அமெரிக்காவின் பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் அந்நாட்டு உணவைப் பற்றித் திரட்டி வைத்திருந்த பழைய சமையற்புத்தகங்கள், மெனு அட்டைகள், பழ ஓவியங்கள், வாய்மொழிப் பதிவுகள், ஊட்டச்சத்துக் கணக்குகள் ஆகியவற்றில் பெரும்பகுதி கடந்த கால் நூற்றாண்டில் இணையத்துக்கு வந்துவிட்டது. இவற்றில் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் தேடுபொறியில் ஒரு பண்டத்தின் பெயரைத் தட்டினால் முன்னால் வந்து நிற்பவை இவையல்ல. விளம்பரங்களுக்கு நடுவே வரும் செய்முறைப் பக்கங்கள்தாம். அவை சமைக்க உதவும். அந்தப் பண்டத்தை யார் சமைத்தார், எந்த ஊரில், என்ன விலைக்கு விற்றார் என்று கேட்டால் கையை விரித்துவிடும். அதற்கு ஆவணங்களிடம்தான் போக வேண்டும். போகும்போது, ஒவ்வோர் ஆவணமும் எதற்காக உருவானது, யாரைச் சேர்த்துக்கொண்டது, யாரை விட்டுவிட்டது என்பதையும் தெரிந்துகொண்டு போவது அவசியம்.

அச்சு நூல்களைத் தேடுபவருக்கு நல்ல தொடக்கம் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தின் ‘ஃபீடிங் அமெரிக்கா’ தொகுப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வெளியான 76 சமையல் நூல்களைத் தேர்ந்தெடுத்து, பக்கப் படங்களோடு, தேடக்கூடிய எழுத்துவடிவத்திலும் தந்திருக்கிறார்கள். அமீலியா சிம்மன்ஸ் எழுதி 1796இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அச்சான ‘அமெரிக்கன் குக்கரி’யும் அதில் இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சேறிய முதல் சமையல் நூல் என்று கருதப்படுவது இதுவே. 50 பக்கம்கூட வராத இந்த நூலின் செய்முறைகளில் பல இங்கிலாந்து நூல்களிலிருந்து எடுத்தாளப்பட்டவை. புதுமை எங்கே இருக்கிறதென்றால், வான்கோழிக்குத் துணையாகக் கிரான்பெரி சாஸ் வைக்கச் சொல்வதிலும், மக்காச்சோள மாவில் ஜானிகேக் சுடுவதிலும், மாவை உப்ப வைக்க ‘பேர்ல் ஆஷ்’ என்ற மரச்சாம்பல் உப்பைப் பயன்படுத்துவதிலும் இருக்கிறது. பேக்கிங் பவுடர் கடைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய காலம் அது.

இப்படிப்பட்ட தொகுப்புகளில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. புத்தகம் எழுதி அச்சிடப் படிப்பும் பணமும் வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடுப்படிகளில் தலைமுறை தலைமுறையாக நின்று சமைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். அவர்களுடைய கைப்பக்குவம் எஜமானியின் பெயரில் அச்சேறியது.

அதனால்தான் மலிண்டா ரசலின் சிறு நூல் அவ்வளவு அரியது. டென்னசி மாநிலத்தில் அடிமைத்தளையில் சிக்காமல் பிறந்த கறுப்பினப் பெண் அவர். இளம் வயதில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குக் குடிபோகக் கிளம்பினார். வழியில் கூடவந்தவர்களில் ஒருவர் பணத்தைத் திருடிவிட, வர்ஜீனியாவிலேயே சமையல்காரியாக வேலைக்குச் சேர்ந்தார். கணவர் இறந்த பிறகு, உடல்குறையுள்ள மகனை வளர்த்துக்கொண்டு டென்னசியில் இனிப்புப் பலகாரக் கடை நடத்திச் சேர்த்த பணத்தை உள்நாட்டுப் போரின்போது ஆயுதக்கும்பல் ஒன்று கொள்ளையடித்தது. வடக்கே மிச்சிகனுக்குத் தப்பி வந்து, பா பா என்ற சிற்றூரில் 1866இல் ‘எ டொமெஸ்டிக் குக் புக்’ நூலைத் தாமே வெளியிட்டார். கறுப்பினப் பெண் ஒருவர் எழுதியவற்றில் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அமெரிக்கச் சமையல் நூல் இது. அவருடைய வாழ்க்கை பற்றிய இவ்வளவு விவரமும் நூலின் முகப்பில் அவரே எழுதிய குறிப்பிலிருந்து தெரிகிறது. தமக்குச் சமையல் கற்றுக்கொடுத்தவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஃபேனி ஸ்டூவர்டு என்ற கறுப்பினச் சமையல்காரி என்றும் அதில் பெயர் சொல்லி நன்றி பாராட்டுகிறார். நூலில் பெரும்பகுதி கேக்குகளும் இனிப்புகளும். கறுப்பினத்தாரின் சமையல் என்றால் ஏழ்மைச் சமையல் மட்டுமே என்று எண்ணியிருந்தவர்களின் நினைப்பை இந்த ஒரு நூலே மாற்றியது. உணவு வரலாற்றாளர் ஜேனிஸ் லாங்கோன் இதன் ஒரே பிரதியை அடையாளம் காட்டினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிளெமென்ட்ஸ் நூலகம் 2007இல் நகல் பதிப்பு கொண்டுவந்தது. இப்போது மின்படியாகவும் படிக்கலாம்.

‘ஃபீடிங் அமெரிக்கா’வில் உள்ள ஏபி ஃபிஷரின் நூல் 1881இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்தது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஃபிஷருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். காதில் விழுந்தபடி எழுதியதால், லூயிசியானாவின் ஜம்பலாயா என்ற சோற்றுப் பண்டம் அந்த நூலில் ‘ஜம்பர்லி’ ஆகிவிட்டது. இன்றைய எழுத்துக்கூட்டலைக் கொடுத்து அதைத் தேடினால் கண்ணில் படாது. பழைய நூல்களில் தேடுபவர்கள் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது: செய்முறைக்கு அன்று ‘ரெசீட்’ என்றே எழுதினார்கள், மக்காச்சோள மாவுக்கு ‘இந்தியன் மீல்’, சமையல் சோடா வகைக்கு ‘சாலரேட்டஸ்’. தேடல் பெட்டியில் அந்தக் காலத்துப் பெயரைத் தட்டினால்தான் அந்தக் காலத்துப் பண்டம் கிடைக்கும்.

வீட்டுச் சமையலிலிருந்து உணவகத்துக்கு வந்தால், நியூயார்க் பொது நூலகத்தின் மெனு தொகுப்புக்கு நிகர் அரிது. அதற்கு வித்திட்டவர் ஃபிராங்க் பட்டால்ஃப் என்ற பெண்மணி, பெயர்தான் ஆண்பெயர். 1900 வாக்கில் தம்மிடமிருந்த மெனுக்களை நூலகத்துக்கு அளித்து, பிறகு தன்னார்வலராகவே இருந்து உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் கடிதம் எழுதி 25,000 மெனுக்களுக்கு மேல் திரட்டினார். யாரும் மதிக்காமல் தூக்கியெறியும் காகிதத்தை வரலாறாகக் கண்ட கண் அவருடையது. 2011இல் நூலகம் அந்த மெனுக்களின் படங்களை இணையத்தில் வைத்து, பொதுமக்களே அவற்றைத் தட்டச்சு செய்ய வழி செய்தது. 17,000க்கும் மேற்பட்ட மெனுக்களிலிருந்து 13 லட்சத்துக்கும் அதிகமான பண்டப் பெயர்கள் தரவாக மாறின. யாரும் பதிவிறக்கி ஆராயலாம்.

அந்த மெனுக்களைப் புரட்டினால் ஒரு கடலோரத்தின் சுற்றுச்சூழல் வரலாறே கிடைக்கும். 1900ஐ ஒட்டிய நியூயார்க் மெனு ஒன்றின் தலையில் சிப்பி இருக்கும்: பச்சையாக, வறுத்து, பாலில் வேகவைத்து. அடுத்து டெரபின் என்ற உவர்நீர் ஆமையும், கேன்வஸ்பேக் என்ற காட்டு வாத்தும் வரும். இன்று அந்த ஆமையையும் வாத்தையும் எந்த உணவகத்திலும் தேட வேண்டியதில்லை. அளவில்லாமல் பிடித்துத் தின்றதில் அவை அருகிப்போயின. டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய மெனு விலைகளைக் கொண்டே கடலுணவின் விலையேற்றத்தையும், அதன் வழியே கடல்வளம் குறைந்த வேகத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ் வாசகர் கண்ணில் சட்டென்று படக்கூடிய ஒன்றும் அந்த மெனுக்களில் உண்டு: நம் மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் கைவழி மாறிப் பிறந்த முலிகட்டானி சூப். ஃபேனி ஃபார்மரின் புகழ்பெற்ற பாஸ்டன் சமையற்பள்ளி நூலின் 1918ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அது இருக்கிறது, கோழி, ஆப்பிள், கறிப்பொடி எல்லாம் சேர்த்து.

மெனு சேகரிப்புக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. அச்சிட்ட மெனு வைக்கும் வசதி பெரிய ஓட்டலுக்கும் சொகுசுக் கப்பலுக்கும்தான் இருந்தது. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிப்போட்ட தொழிலாளர் சாப்பாட்டுக் கடை அதில் இல்லை. கறுப்பினப் பயணி ஒருவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட முடிந்தது என்பதும் அதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அதே நூலகத்தின் ஹார்லெம் கிளையான ஷோம்பர்க் மையம் மின்படியாக்கியிருக்கும் ‘கிரீன் புக்’ வரிசையைப் பார்க்க வேண்டும். விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் தொடங்கிய கையேடு அது. நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த நாட்டில், எந்த ஊரில் எந்த உணவகம், எந்த விடுதி கறுப்பினப் பயணிகளை மதித்து வரவேற்கும் என்று ஊர்வாரியாகச் சொன்னது. 1966-67 பதிப்போடு நின்றது. உணவக வழிகாட்டி என்ற வகையில் உலகம் கொண்டாடும் நட்சத்திரப் பட்டியல்களைவிட இந்த மெலிந்த கையேடு மனித வாழ்க்கைக்கு அதிகம் பயன்பட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

1930களின் பெருமந்தக் காலத்தில் வேலையற்ற எழுத்தாளர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து நாட்டைப் பற்றி எழுத வைத்தது. அந்தக் கூட்டாட்சி எழுத்தாளர் திட்டத்தின் ஒரு கிளை ‘அமெரிக்கா ஈட்ஸ்’. தேவாலய விருந்து, அறுவடைச் சாப்பாடு, மீன் வறுவல் திருவிழா என்று வட்டாரவாரியாகக் குறிப்பெடுத்தார்கள். யூடோரா வெல்ட்டி, நெல்சன் ஆல்கிரன் போன்றவர்கள் இதற்காக எழுதினார்கள். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும் வேலை நின்று, தாள்கள் பெட்டிகளில் முடங்கின. அவற்றையும் அக்கால உணவு விளம்பரக் கையேடுகளையும் சேர்த்து மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ‘வாட் அமெரிக்கா ஏட்’ என்ற தளமாக்கியிருக்கிறது. உறைந்த உணவும் நெடுஞ்சாலைத் தொடர் உணவகங்களும் நாட்டை ஒரே ருசிக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் ஒவ்வொரு வட்டாரமும் என்ன தின்றது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி கிடைப்பது கடினம்.

எழுத்தே இல்லாத சமையலுக்குப் பேச்சுதான் ஆவணம். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய சதர்ன் ஃபுட்வேஸ் அலையன்ஸ் தென்மாநிலச் சமையற்காரர்கள், இறைச்சி சுடுபவர்கள், இறால் பிடிப்பவர்கள் ஆகியோரை நேரில் பேட்டி கண்டு பதிவுசெய்கிறது. மிசிசிப்பி டெல்டாவின் ஹாட் தமாலே பற்றிய வரிசை அதில் அருமையானது. மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோள மடலில் சுருட்டி, மசாலாத் தண்ணீரில் வேகவைக்கும் பண்டம் அது. மெக்சிகோவில் தமாலேயை ஆவியில் அவிப்பார்கள். பருத்தி வயலில் மெக்சிகோக் கூலிகளும் கறுப்பினத் தொழிலாளர்களும் அருகருகே உழைத்தபோது இந்தப் பண்டம் கைமாறியது என்பது ஒரு கருத்து. வேறு விளக்கங்களும் உண்டு. தெருவோரத்தில் விற்பவர்களே ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பதிவுகள் எல்லாக் கதைகளையும் அப்படியே பாதுகாத்து வைத்திருப்பதுதான் அவற்றின் மதிப்பு. மெக்சிகோச் சமையலையே எழுத்தில் தேடுபவர்களுக்கு, சான் அன்டோனியோவில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1789ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படி வரை செல்லும் தொகுப்பை வைத்திருக்கிறது.

உணவுப்பொருளைப் பற்றிய ஆவணங்களில் கண்ணுக்கு விருந்து அமெரிக்க வேளாண்மைத் துறையின் பழ ஓவியத் தொகுப்பு. நல்ல வண்ண ஒளிப்படம் எளிதில் எடுக்க முடியாத காலத்தில், 1886 முதல் 1942 வரை, துறையே ஓவியர்களை அமர்த்திப் பழங்களை நீர்வண்ணத்தில் வரைய வைத்தது. மொத்தம் 7,584 படங்கள்; அவற்றில் பாதி ஆப்பிள். அழுகல், புழுத்துளை உட்பட வரைந்திருக்கிறார்கள். தொலைந்துபோன ஆப்பிள் வகைகளைப் பழந்தோட்டங்களில் தேடுபவர்கள், கண்டெடுத்த பழத்தின் பெயரை உறுதிசெய்ய இன்றும் இந்தப் படங்களோடு ஒப்பிடுகிறார்கள்.

அதே துறையின் ‘ஃபுட்டேட்டா சென்ட்ரல்’ 2019இல் வந்தது. 1896இல் வேதியியலாளர் ஆட்வாட்டர் வெளியிட்ட உணவுப்பொருள் அட்டவணையின் வாரிசு என்று இதைச் சொல்லலாம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘ஃபவுண்டேஷன்’ வகைத் தரவு ஆய்வகத்தில் சோதித்து எழுதியது, ‘பிராண்டட்’ வகை, நிறுவனங்கள் தங்கள் உறையில் அச்சிட்டதைத் தருவது. இரண்டையும் ஒரே தரத்தில் வைத்துப் படிக்கக் கூடாது.

பழைய நூலைப் பார்த்துச் சமைக்க விரும்புகிறவர் அளவுகளில் தடுமாறுவார். ஒரு ‘கில்’ என்பது சுமார் 118 மில்லி. இன்றைய அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி. வெண்ணெய் ஒரு ‘ஸ்டிக்’ 113 கிராம். கப்பைத் தலைதட்டி அளக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் ஃபேனி ஃபார்மர்; அதற்கு முந்தைய நூல்களில் ‘முட்டையளவு வெண்ணெய்’ போன்ற கணக்கே அதிகம். மாவு அளவுக்குக் கிங் ஆர்தர் பேக்கிங் நிறுவனத்தின் எடை அட்டவணை இணையத்தில் பலருக்கும் கைகொடுக்கிறது. அதன்படி ஒரு கப் மைதா 120 கிராம்.

ஒரு வகைச் செய்முறையை மட்டும் பழைய நூலிலிருந்து சமைக்கவே கூடாது: புட்டியில் அடைத்துப் பதப்படுத்துதல். பீன்ஸ், சோளம், இறைச்சி போன்ற புளிப்பு குறைந்தவற்றைக் கொதிநீரில் மணிக்கணக்கில் வைத்தால் போதும் என்று அந்தக்கால நூல்கள் சொல்லும். பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸில் சாவதில்லை. அழுத்தக் கலத்தில் சுமார் 116 டிகிரி வேண்டும். சோதித்த முறைகளை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தல் தேசிய மையம் இலவசமாகத் தருகிறது.

இனி உரிமை பற்றி: செய்முறையில் வரும் பொருள்களின் வெறும் பட்டியலுக்கு அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை கிடையாது. ஒரே செய்முறை பெயர் சொல்லாமல் நூறு தளங்களில் உலவுவதற்கு இது ஒரு காரணம். விளக்கமும் நடையும் கொண்ட நூலுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை, இங்கே பேசப்படும் பழைய நூல்களுக்கு, வெளியான ஆண்டிலிருந்து அதிகபட்சம் 95 ஆண்டு. ஆகவே இணையக் காப்பகம், ஹாத்திட்ரஸ்ட் போன்ற பெருந்தொகுப்புகளில் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் இன்னோர் ஆண்டின் நூல்கள் முழுமையாகத் திறக்கின்றன. செயின்ட் லூயிஸ் நகரில் கணவரை இழந்த இர்மா ராம்பவர் 1931இல் சொந்தப் பணத்தில் 3,000 பிரதி அச்சிட்ட ‘ஜாய் ஆஃப் குக்கிங்’ முதற்பதிப்பு, எவ்வளவு தாமதமானாலும் 2027 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகிவிடும்.