விசாரணையும் கரண்டியும்

சேரியில் 'விசாரணை' என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். ஒன்று போலீஸ் விசாரணை. ஊரில் ஆடு காணாமல் போனால் ஜீப் வந்து நிற்பது சேரி முனையில்தான். இன்னொன்று சபை விசாரணை. காய்ச்சலில் கிடப்பவர் வீட்டுக்கு உபதேசியார் வருவார். ஜெபம் பண்ணுவார். 'கஞ்சி குடிச்சியா தாயி?' என்று கேட்பார். 'உபதேசியார் வந்து விசாரிச்சிட்டுப் போனாரு' என்று கிழவிகள் நாலு நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வாசலுக்குள் ஒருவர் குனிந்து வந்து பாயில் உட்கார்வது சின்ன விஷயமில்லை. நம் ஜனங்களை 'சோத்துக்கு மதம் மாறினவங்க' என்று கேலி பேசியவர்களுக்கு இது புரிந்ததில்லை.

ஆனால் இந்த விசாரிப்பு சபைக்குள் எல்லோருக்கும் சமமாக இருந்ததா?

ஆதித் திருச்சபையிலேயே இந்தச் சண்டை வந்திருக்கிறது. எருசலேம் சபையில் அன்றாடம் சாப்பாடு பங்கிடும்போது கிரேக்கம் பேசும் யூத விதவைகள் ஒதுக்கப்பட்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அந்தப் பங்கீட்டுக்குத் தமிழ் வேதாகமம் போட்டிருக்கும் சொல்லும் 'விசாரணை'தான். முறுமுறுத்தவர்களை அப்போஸ்தலர்கள் அதட்டி உட்கார வைக்கவில்லை. பங்கீட்டைப் பார்த்துக்கொள்ள ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருக்கும் இருப்பவை கிரேக்கப் பெயர்கள். அநியாயம் பட்டவர்கள் பக்கமே கரண்டி கைமாறியது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

நம் மண்ணில் என்ன நடந்தது? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த புராட்டஸ்டண்ட் மிஷன் தமிழில் வேதத்தை அச்சடித்தது, பள்ளிக்கூடம் வைத்தது. அந்த நன்றியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் கோயிலுக்குள் ஜனங்கள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அப்போது தஞ்சாவூர்ப் பகுதியில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். பறையர். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மிஷன் அச்சிட்ட புதிய ஏற்பாட்டை வாசித்து இந்தப் பக்கம் வந்தவர். எதிர்ப்புகளுக்கு நடுவே ஊர் ஊராக நடந்து சபைகளைக் கட்டியவர்.

அடுத்த போதகரைத் தெரிந்தெடுக்கும்போது இவர் பெயரும் பேசப்பட்டது. தகுதியில் குறை சொல்ல மிஷனரிகளால் முடியவில்லை. பறையர் கையிலிருந்து இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள், அந்தத் திருவிருந்துக்கே மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தார்கள். 1741இல் தியோகு என்பவருக்கு அபிஷேகம் நடந்தது. ராஜநாயக்கன் 1771இல் சாகும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் உபதேசியாராகவே உழைத்தார். ஜனங்களை விசாரிக்க அவர் வேண்டும். அப்பமும் பாத்திரமும் மட்டும் அவர் கையில் கூடாது. எருசலேமில் முறுமுறுத்தவர்களின் வார்த்தை எடுபட்டது. தரங்கம்பாடியில் யாரும் முறுமுறுப்பதற்கு முன்பே மேல்சாதியின் முகச்சுளிப்புக்குக் காது கொடுத்தார்கள்.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, திருவிருந்திலும் பேதம் கூடாது என்று கட்டளை போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்லிவிட முடியுமா? செத்தவரை அடக்கம் பண்ணுவது சபை செய்கிற கடைசி விசாரிப்பு. அதிலும் தனிப்பாதை, தனிக் கல்லறை. விழுப்புரம் மாவட்டமாக அப்போதிருந்த பகுதியில் எறையூர்; அங்கே தலித் கத்தோலிக்கர்கள் இந்த ஒதுக்கலை எதிர்த்துத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் 2 பேர் செத்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. முதல் தலித் கர்தினாலாக ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா வந்தது 2022இல்.

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் நம் பெண்கள் பானையைப் பார்ப்பார்கள். அரைவயிறு கிடக்கிற நாளிலும் அந்தப் பிடி தப்பாது. அந்த அரிசியில்தான் உபதேசியார் சாப்பிட்டார், விதவைகள் சாப்பிட்டார்கள், கோயில் எழும்பியது. நாம் விசாரிக்கப்பட்டவர்கள் மட்டுமில்லை, சபையை விசாரித்தவர்களும் நாம்தான். ஆகவே நாம் கேட்பது இரக்கமில்லை. அரிசி போட்ட கைக்குக் கரண்டியும் வர வேண்டும். பாத்திரமும், கணக்குப் புத்தகமும், கல்லறைத் தோட்டத்துச் சாவியும் வர வேண்டும். அதுவரை முறுமுறுத்துக்கொண்டேதான் இருப்போம். முறுமுறுப்பதற்கு வேதத்திலேயே நமக்கு இடமிருக்கிறது.