கணினியில் இருப்பது எந்தப் பைத்தான்? ஷெல் நிரலில் பதிப்பு எண்ணை அறியும் வழி

ஈப்போவில் வேலை செய்யும் அண்ணனின் புதிய மடிக்கணினியில் நன்றாக ஓடிய நிரல், தோட்டத்து வீட்டிலுள்ள பழைய கணினியில் நின்றுவிடலாம். பிள்ளை எழுதியதில் தவறே இருக்காது. இரண்டு கணினிகளிலும் உள்ள பைத்தான் மொழியின் பதிப்பு வேறாக இருக்கும்.

தமிழைக் கையாளும் நிரல்களில் இது இன்னும் முக்கியம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 3 தரும் விடை 5 (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). பைத்தான் 2 எழுத்துகளை விட்டுவிட்டுப் பைட்டுகளை எண்ணுவதால், வழக்கமாக 15 என்று சொல்லும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனாலும் பழைய கணினிகளில் அது இன்னும் இருக்கக்கூடும்.

லினக்ஸ், மேக் கணினிகளில் ஷெல் நிரலின் தொடக்கத்திலேயே பதிப்பைச் சோதித்துவிடலாம். கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. ‘கமாண்ட் -வி பைத்தான்3’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஷெல்லுக்கு எட்டும் இடத்தில் அது இல்லை.

2. ‘பைத்தான்3 --வெர்ஷன்’ என்று கொடுத்தால் ‘பைத்தான் 3.10.12’ போன்ற வரி வரும். இடைவெளிக்குப் பின்னுள்ளதே பதிப்பு எண். ‘கட்’ கட்டளையால் அதைத் தனியே பிரிக்கலாம்.

3. வரி திரையில் தெரிந்தும் மாறியில் சேரவில்லையா? பைத்தான் 2 பதிப்பு எண்ணைப் பிழைச்செய்தி வழியாகவே அனுப்பும். 3.4 முதல்தான் அது வழக்கமான வெளியீட்டு வழியில் வருகிறது. கட்டளையின் இறுதியில் 2>&1 சேர்த்தால் இரண்டும் கிடைக்கும். ‘ஜாவா -வெர்ஷன்’ கட்டளைக்கும் இதே மருந்துதான்.

4. பதிப்பு எண்ணைத் தசம எண்ணாக ஒப்பிடாதீர்கள். கணக்கில் 3.10 என்பது 3.9-ஐவிடச் சிறியது. பதிப்பில் அப்படியல்ல: 3.9 வந்தது 2020-இல், 3.10 வந்தது 2021-இல். புள்ளியில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முழு எண்ணாக ஒப்பிடுங்கள்.

பதிப்பு பழையதாக இருந்தால், ‘பைத்தான் 3 தேவை’ என்று தமிழிலேயே ஒரு வரி காட்டி நிரலை நிறுத்துங்கள். பயன்படுத்துபவர் காரணம் தெரியாமல் தவிக்க வேண்டியிருக்காது.