மூக்குப் புற்றுநோயும் முந்திக்கொண்ட மருந்தும்



'மூக்குப் புற்றுநோய்' என்றதும் நம் நாட்டில் பலர் நினைப்பது, மூக்கிற்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் தோன்றும் நோயையே. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சூழ்ந்துள்ள சைனஸ் குழிவுகளிலும் தோன்றும் புற்றுநோய் வேறு, அரிதானது. அதன் வரலாற்றையே இப்பதிவில் எழுத விழைகிறேன்.

1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில் எஸ்மி ஹேட்ஃபீல்டு என்ற பெண் மருத்துவர், தம்மிடம் வந்த இத்தகைய நோயாளிகளுள் பலர் நாற்காலி, மேசை செய்யும் தச்சர்கள் என்பதைக் கவனித்தார். மரத்தூளே காரணம் என்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1968-இல் வெளியிட்ட கட்டுரை உணர்த்தியது. காரணம் புலப்பட்டது, சிகிச்சையோ கடினமாகவே இருந்தது. சைனஸ் குழிவுகளுக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்பு மட்டுமே. சாதாரணச் சளித்தொல்லை போலவே நோய் தொடங்குவதால், கண்டறியும்போது முற்றியிருப்பதும் உண்டு. அறுவை சிகிச்சையில் கட்டியோடு கண்ணையும் இழந்தோர் பலர்.

புற்றுநோய்க்கு மருந்து என்ற எண்ணம் போர்க்காலத்தில் பிறந்தது. நச்சுவாயு ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த நைட்ரஜன் மஸ்டர்டு என்ற மருந்து, 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. போர் இரகசியம் என்பதால் 1946-இல்தான் உலகம் அதனை அறிந்தது. அடுத்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு உருவாக்கிய மருந்தைக் கொண்டு, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார் (1948). மின்சாரம் பாக்டீரியாவை எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்ந்த பார்னெட் ரோசன்பர்க், 1965-இல் பிளாட்டினச் சேர்மத்தின் ஆற்றலைத் தற்செயலாகக் கண்டார். அதுவே 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின்.

அதுவரை கத்தியே முதலிடம் வகித்தது. அவ்வரிசையை மாற்றிப் பார்க்கும் துணிவு 1991-இல் பலனளித்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 332 குரல்வளைப் புற்றுநோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு முதலில் அறுவை; மறுபிரிவினருக்கு முதலில் கீமோதெரபி, கட்டி சுருங்கினால் கதிர்வீச்சு. ஈராண்டுகளில் இரு பிரிவிலும் 68 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். ஆனால் மருந்தை முதலில் பெற்றவர்களுள் 64 விழுக்காட்டினர் தம் குரல்வளையைக் காத்துக்கொண்டனர்!

குரலைக் காத்த வழி கண்ணையும் காக்குமா? இக்கேள்வியோடு சைனஸ் புற்றுநோயிலும் மருத்துவர்கள் இம்முறையைக் கையாண்டனர். ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை, மிகக் கொடிய ஒரு வகையால் பாதிக்கப்பட்ட 95 பேரின் சிகிச்சை முடிவுகளை 2019-இல் வெளியிட்டது. முதல் மருந்துக்குக் கட்டி சுருங்கியவர்களுக்குக் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்து தந்தபோது, ஐந்தாண்டுகளில் நோயால் இறவாதோர் 81 விழுக்காடு. அறுவை செய்தபோது 54. சுருங்காதவர்களுக்கோ அறுவையே கூடுதல் நம்பிக்கை அளித்தது.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. குறைநீக்கல் வகுப்பில் முதலில் அறிகுறிச் சோதனை வைத்து, மாணவனின் நிலை அறிந்த பின்னரே பயிற்சியைத் தேர்கிறோம். முன்னதாகத் தரப்படும் கீமோதெரபியும் அத்தகைய சோதனையே. கட்டியைச் சுருக்குவதோடு, அடுத்த வழியையும் காட்டுகிறது. எனினும் இது எல்லா வகைக்கும் எல்லார்க்கும் பொருந்தும் விதி அன்று. மேற்கண்ட 2019 ஆய்வும் ஒரே மருத்துவமனையின் பழைய பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்ததே. நோயின் வகையறிந்து மருத்துவர்தாம் முடிவெடுக்க வேண்டும்.

பெற்றோர்களே, நான் வேண்டுவது ஒன்றே. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தாலோ, அடிக்கடி இரத்தம் கசிந்தாலோ, 'சளிதானே' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். முன்கூட்டியே அறிந்த நோய்க்குத்தான் வழிகள் பல.